கடும் பயிற்சிக்குப் பின் உடல் தேறுவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

வாரத்தில் ஐந்தாறு நாள் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டம், எடைப் பயிற்சி, சைக்கிள், நீச்சல் என்று எதைச் செய்தாலும் உடல் தேறும் வழி பெரிதாக மாறுவதில்லை.

புதியவர்களில் பலர் இதைத் தலைகீழாகத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் குளியல் தொட்டி, மசாஜ் கருவி, புரதப் பொடி எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் தூக்கம் ஐந்து மணி நேரம்தான், வாரத்தில் ஒரு நாள்கூட இலகுவான நாள் கிடையாது. அதனால் கீழே உள்ள படிகளைப் பலனின் வரிசையில் அடுக்கியிருக்கிறேன். முதல் ஐந்து படிகள் பழக்கமாகும்வரை ஒன்பதாவது படியைத் தொட வேண்டாம்.

தொடங்கும் முன்: கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், எடை பார்க்கும் இயந்திரம், விநாடி முள் உள்ள கடிகாரம், எவ்வளவு கொள்ளும் என்று தெரிந்த தண்ணீர் பாட்டில். இவை போதும். துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் வசதி. இல்லாவிட்டால் எதுவும் குறைந்துவிடாது.

எதையும் மாற்றுவதற்கு முன், இரண்டு வாரம் தினமும் காலை நாடித்துடிப்பை எழுதி வையுங்கள். கண் விழித்ததும், படுக்கையைவிட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 60 விநாடி முழுவதும் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு பிசகினாலும் கணக்கில் நான்கு பிசகும். கட்டைவிரலை வைக்காதீர்கள்; அதற்கே துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பிவிடும். இரண்டு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். ஏழாவது படியில் அந்த எண் தேவைப்படும்.

இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழே வரும் உணவு, நீர் அளவுகள் பொருந்தாமல் போகலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

1. முதலில் வாரத்தை ஒழுங்குபடுத்துங்கள்

ஓய்வு என்பது பயிற்சி முடிந்த பிறகு யோசிக்கும் விஷயமாகவே பலருக்கும் இருக்கிறது. உண்மையில் வாரத் திட்டம் போடும்போதே அதில் பாதி முடிவாகிவிடுகிறது. திட்டம் தவறாக இருந்தால் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும், தூங்கினாலும் களைப்பு கடன்போல ஏறிக்கொண்டே போகும்.

சுமையை அளக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறை இது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடம், கடினம் 7 என்றால் சுமை 420. 40 நிமிடம், கடினம் 3 என்றால் 120. முடித்தவுடனே மதிப்பெண் போட்டால் கடைசி ஐந்து நிமிட மூச்சிரைப்பு மட்டுமே நினைவில் நிற்கும். அரை மணி நேர இடைவெளி அதற்காகத்தான்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவர்களின் பக்கம் இப்படி இருக்கும்: 350, 380, 340, 360, 390. உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. தேறாத உடலின் அடையாளம் இது. நன்றாகத் தேறுகிறவரின் பக்கத்தில் 450, 110, 120, 430, 0 என்று ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்கே தெரியும்.

வாரத்துக்கு இரண்டு கடின நாள், மிஞ்சினால் மூன்று. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாளாவது இலகுவாக இருக்கட்டும். ஒரே தசைத் தொகுதிக்குக் கடும் எடைப் பயிற்சி கொடுத்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் விடுங்கள். ஒரு நாள் முழு ஓய்வு. ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர் உச்சநிலை நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தபோது, அவர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இலகுவானவையாகவே இருந்தன. அவர்களே அப்படி என்றால் வேலைக்கும் போய்ப் பயிற்சியும் செய்கிற நமக்கு அது இன்னும் அவசியம்.

நான் அதிகம் பார்க்கும் பிழை இது: திங்கள் ஸ்குவாட் (எடையைச் சுமந்து உட்கார்ந்து எழுவது), செவ்வாய் மேட்டில் ஓட்டம், புதன் வேகமான சைக்கிள். “தினமும் வேறு வேறு பயிற்சிதானே செய்கிறேன்” என்பார்கள். மூன்று நாளும் உழைப்பது அதே தொடைதான். இரண்டு கடினமான பயிற்சிகள் கட்டாயம் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிடுங்கள்: காலையில் மேட்டோட்டம், மாலையில் ஸ்குவாட். அந்த நாள் பாரமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த நாள் முழுவதும் கால்களுக்குச் சொந்தம்.

2. இலகுவான நாளை இலகுவாகவே வையுங்கள்

சொல்லும்போது எளிது; செய்யும்போது இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இலகுவான நாளில் கடினம் 2 அல்லது 3-ஐத் தாண்டக் கூடாது. முழு வாக்கியங்களாக, மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சிழுக்க நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மெல்லிய அசைவு இரத்த ஓட்டத்தைக் கூட்டும், விறைப்பைத் தளர்த்தும், புதிய சேதத்தை உண்டாக்காது. நடுத்தர வேகமோ இரண்டு பக்கமும் நட்டம்: உடல் தேறவும் விடாது, முன்னேற்றம் தரும் அளவுக்குக் கடினமாகவும் இராது. மறுநாள் கடினப் பயிற்சிக்குப் போகும்போது கால் பாதி களைத்திருக்கும்.

உங்களைவிட வேகமான நண்பருடன் இலகு ஓட்டம் போகாதீர்கள். அவருக்கு இலகு, உங்களுக்குப் போட்டி. தனியாகப் போங்கள், அல்லது மெதுவாக ஓடுகிறவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது “இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே” என்று தோன்றினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

3. பயிற்சி முடிந்த முதல் அரை மணி நேரம்

சட்டென்று நிற்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே, இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. திடீரென்று நின்றால் அந்த உந்துதல் நின்றுபோய் இரத்தம் கால்களிலேயே தேங்கும். தலைசுற்றல், சிலருக்கு மயக்கம்கூட வரும். 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடங்கள். இது மறுநாள் வலியைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த விஷயத்தில் பெரிய பலன் இல்லை.

அடுத்து எடை. பயிற்சிக்கு முன்பும் பின்பும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். நனைந்த உடையோடு நின்றால் வியர்வையின் எடையும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதற்கு ஈடாக 1.25 முதல் 1.5 லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் குடியுங்கள். போனதைவிடக் கூடுதலாகக் குடிப்பது, ஒரு பகுதி சிறுநீராக வெளியேறிவிடும் என்பதால். உப்புள்ள உணவோ பானமோ கூடவே இருந்தால் நீர் உடலில் தங்கும்.

மொத்தத்தையும் ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம். நீண்ட பயிற்சியின்போது தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒவ்வொரு நாளும் இப்படி எடை பார்க்க வேண்டியதில்லை. வெயில் நாளில் ஒருமுறை, குளிர்ந்த நாளில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் உங்கள் வியர்வைக் கணக்கு கைவசமாகிவிடும். பிறகு சிறுநீரின் நிறமே போதும்: வெளிர் மஞ்சள் நல்லது, அடர் மஞ்சள் என்றால் இன்னும் குடிக்க வேண்டும். பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் நிறத்தை நம்ப முடியாது.

4. உணவு: முதலில் அளவு, பிறகு நேரம்

“பயிற்சி முடிந்து எத்தனை நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும்?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. “நாள் முழுவதும் போதுமான அளவு சாப்பிட்டேனா?” என்பதே முதலில் கேட்க வேண்டியது.

கடும் பயிற்சிக்குத் தசை எரிப்பது அதில் சேமித்திருக்கும் கிளைகோஜனை. அது மாவுச்சத்திலிருந்து உருவாகிறது. நீண்ட, கடுமையான பயிற்சியில் வெகுவாகக் குறைந்த சேமிப்பு மீண்டும் நிரம்ப, போதுமான மாவுச்சத்து கிடைத்தாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 முதல் 420 கிராம். இது மாவுச்சத்தின் எடை; தட்டில் இருக்கும் உணவின் எடை இதைவிட அதிகம்.

நேரம் முக்கியமாகும் ஒரு சூழ்நிலை உண்டு. காலையில் கடினப் பயிற்சி, எட்டு மணி நேரத்துக்குள் மீண்டும் ஒன்று என்றால், முதல் நான்கு மணி நேரம் மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வீதம் மாவுச்சத்து எடுக்க வேண்டும். அடுத்த பயிற்சி நாளைக்குத்தான் என்றால் பதற்றம் வேண்டாம். வழக்கமான வேளைக்குச் சாப்பிடலாம்.

புரதம் தசையைச் செப்பனிடுகிறது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம். 60 கிலோ எடைக்கு 84 முதல் 120 கிராம். எடைப் பயிற்சிக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் தசை புதிய புரதத்தைக் கட்டும் வேகம் கூடியிருக்கிறது. அதனால் மொத்தத்தையும் இரவுச் சாப்பாட்டில் குவிக்காமல் மூன்று, நான்கு வேளைக்குப் பிரித்து, வேளைக்கு 20 முதல் 30 கிராம் வரை எடுப்பது நல்லது. புரதப் பொடி வசதிக்கான பொருள். உணவிலேயே அளவு எட்டிவிட்டால் பொடி எதையும் கூட்டித் தராது.

இந்தப் படியில் என்னைக் கவலைப்பட வைப்பது ஒரே ஒரு பிழை: எடையைக் குறைக்க அரைப் பட்டினி கிடந்துகொண்டே பயிற்சியைக் கூட்டுவது. உடலுக்குத் தேவையான ஆற்றல் நீண்ட நாள் கிடைக்காவிட்டால் அது ஹார்மோன்களில் கை வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும்; எலும்பு வலுவிழக்கும்; சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும். கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பது இயல்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

மது, தசை புரதம் கட்டும் வேலையையும் தூக்கத்தையும் ஒருசேரக் கெடுக்கிறது. கடினப் பயிற்சி நாளின் இரவில் அது வேண்டவே வேண்டாம்.

5. தூக்கத்தைத் திட்டத்தில் எழுதுங்கள்

பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். கடும் பயிற்சி செய்கிறவர்கள் 8-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில்தான்.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலை 5 மணிக்கு எழுந்து ஓட வேண்டுமென்றால் இரவு 9 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைப்பதை மன உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். முந்தைய நாள் பயிற்சி தந்திருக்க வேண்டிய பலனை இழந்துதான் அந்த ஓட்டத்துக்குப் போகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்றைய கடினப் பயிற்சியைத் தள்ளி வையுங்கள்.

காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே பலருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 10 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். கடும் பயிற்சிக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது ஓரிரு மணி நேரம் விடுங்கள். அதற்குள் இதயத் துடிப்பும் உடல் சூடும் தணியும். பகலில் 20, 30 நிமிடக் குட்டித் தூக்கம் நல்லது. பிற்பகல் 3 மணிக்கு மேல் வேண்டாம்.

6. வலியைப் பிரித்தறியுங்கள்

கடின நாளுக்கு மறுநாள் ஒருவர் மாடிப்படி இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடிப்பார். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் அசைவுகளில்தான் நுண்சேதம் அதிகம்: சரிவில் ஓடுவது, எடையை மெல்ல இறக்குவது. அந்தச் சேதமும் அதைத் தொடரும் அழற்சியும் தருகிற வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்பது பழைய நம்பிக்கை. இரத்தத்தில் கூடிய லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வழக்கமான அளவுக்கு வந்துவிடுகிறது. நாளை மறுநாள் வரும் வலிக்கு அது காரணமாக முடியாது.

இரு பக்கமும் பரவலாக, மந்தமாக வலித்து, அசைய அசையத் தளர்ந்தால் அது தசைவலி. இலகு நாளைத் தொடரலாம். ஒரே பக்கம், ஒரே புள்ளியில், மூட்டிலோ எலும்பிலோ சுருக்கென்று குத்தி, அசைய அசையக் கூடினால் அது காயம். அன்றே நிறுத்துங்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் காலையில் விறைத்து, முதல் சில அடிகளில் வலித்துப் பிறகு மறைவதையும் அலட்சியம் செய்யாதீர்கள். தசை சில வாரங்களில் வலுப்படும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சும் தசையும் தயாராகிவிட்ட உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்கு அங்கேதான் அடி விழுகிறது.

வலிக்கவில்லை என்றால் பயிற்சி போதவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரே பயிற்சியை மறுமுறை செய்யும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகியிருக்கும். வலி குறையும், பலன் குறையாது.

7. காலையில் நான்கு கேள்விகள்

நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 5-க்கு மேல் கூடியிருக்கிறதா? தூக்கம் கெட்டதா? தசைவலி நேற்றைவிட மோசமா? பயிற்சியை நினைத்தாலே சலிப்பாக, எதற்கெடுத்தாலும் எரிச்சலாக இருக்கிறதா?

ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றால் திட்டப்படி போங்கள். இரண்டுக்கு ஆம் என்றால் கடினப் பயிற்சியை இலகுவாக மாற்றுங்கள். மூன்று என்றால் ஓய்வு. இது நான் வைத்திருக்கும் விதி. உங்கள் குறிப்புகள் சேரச் சேர அளவை நீங்களே திருத்திக்கொள்ளலாம். துடிப்பு ஒரு நாள் கூடுவதற்கு வெப்பம், நீர்க்குறைவு, மனக்கவலை, வரப்போகும் காய்ச்சல் எதுவும் காரணமாகலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

குழப்பமாக இருந்தால் பத்து நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். வழக்கமான வேகமே பாரமாகத் தெரிந்தால் அன்று இலகு நாள். பலர் இவற்றையெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, திட்டத்தில் இருக்கிறதே என்று கடினப் பயிற்சிக்கே போகிறார்கள். அப்படியானால் எழுதவே வேண்டாம்.

8. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு குறைப்பு வாரம்

செட்டுகளின் (எடைப் பயிற்சியில் இடைவிடாமல் செய்யும் சுற்றுகளின்) எண்ணிக்கையையும் ஓடும் தூரத்தையும் ஏறக்குறையப் பாதியாக்குங்கள். தூக்கும் எடையையும் ஓரிரு குறுகிய வேக ஓட்டங்களையும் அப்படியே வையுங்கள். பெற்ற வலுவைக் காப்பது தீவிரம். களைப்பைச் சேர்ப்பது பெரும்பாலும் அளவு. ஒரே வாரத்தில் வலு கரையாது.

முதல் இரண்டு மூன்று நாள் உடல் மந்தமாக இருக்கும், கை சும்மா இருக்காது. அப்போது புதிய விளையாட்டு எதையும் முயன்று பார்க்க வேண்டாம். பழகாத அசைவு புதிய தசைவலியைக் கொண்டுவரும். பயிற்சி குறைந்ததே என்று சாப்பாட்டையும் பாதியாக்காதீர்கள். செப்பனிடும் வேலை நடக்கும் வாரம் இது.

9. ஐஸ், மசாஜ், மாத்திரை

10 முதல் 15 டிகிரி செல்சியஸ் நீரில் 10, 15 நிமிடம் அமர்ந்தால் தசைவலி குறையும். போட்டி அடுத்தடுத்த நாளில் இருந்தால் உதவும். தசையைப் பெருக்கவே எடைப் பயிற்சி செய்கிறவர் ஒவ்வொரு முறையும் உடனே குளிர்நீரில் இறங்கினால் வளர்ச்சி மட்டுப்படக்கூடும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

மசாஜும் தசையை உருட்டித் தேய்க்கும் நுரை உருளையும் இதமாக இருக்கும், வலியைக் கொஞ்சம் குறைக்கும். நீட்டிப்புப் பயிற்சி மூட்டின் வளைவுக்கு நல்லது. மறுநாள் வலியை அது தடுப்பதில்லை.

வலி மாத்திரையைப் பழக்கமாக்காதீர்கள். ஐபுபுரூஃபன் போன்றவை, உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குச் சுமை. காயத்தின் எச்சரிக்கையையும் மறைத்துவிடும்.

10. நிறுத்த வேண்டிய அறிகுறிகளும் திரும்பும் முறையும்

பயிற்சிக்கு அடுத்த ஓரிரு நாளில் தசை தாங்க முடியாமல் வலித்து வீங்கி, சிறுநீர் கோலா போலக் கரும்பழுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை உடைந்து அதன் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்கிறவர்களுக்கு வரக்கூடியது. நெஞ்சுவலி, மயக்கம், சீரற்ற துடிப்பு ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. எலும்பில் ஒரு புள்ளியைத் தொட்டாலே வலித்தால், எலும்பில் நுண்விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரம் நன்றாக ஓய்வெடுத்தும் திறன் திரும்பவில்லை, தூக்கமும் மனநிலையும் கெட்டே இருக்கின்றன என்றால் அது சாதாரணக் களைப்பாக இராது. தேறாமலே பயிற்சியைத் தொடர்வதால் வரும் மிகைப்பயிற்சி நோய்க்குறியாக இருக்கலாம்; அது முற்றினால் மீள மாதங்கள் ஆகும்.

காய்ச்சல் இருக்கும்போது பயிற்சியே வேண்டாம். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கடந்த பிறகு 20 நிமிட நடையில் தொடங்குங்கள். மறுநாள் காலை துடிப்பு வழக்கமான எண்ணில் இருந்தால் இலகுப் பயிற்சி, பாதி நேரம். அப்படி இரண்டு மூன்று நாள் போன பிறகு முழு நேர இலகுப் பயிற்சி. கடின நாளைக் கடைசியாகச் சேருங்கள். அதையும் முதல் முறை வழக்கத்தில் பாதி அளவோடு முடித்துக்கொள்ளுங்கள்.